வார இறுதியில் பிராக்: இரண்டு பகல்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

எல்பே மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியின் டிரெஸ்டனில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அக்டோபர் நடுவில் ஒரு வார இறுதியில் பிராக் நகரத்துக்குத் தனியாகப் போய்வரலாம் என்றிருக்கிறேன். சனிக்கிழமை காலை ரயிலில் ஏறினால் பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் வேலை இருப்பதால் ஞாயிறு மாலையே திரும்பியாக வேண்டும். வகுப்புத் தோழர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்: கோட்டை, சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம், யூதர் குடியிருப்பு, பெட்ரின் குன்றின் கோபுரம், விஷெஹ்ராட், படகுச் சவாரி, போதாததற்குக் குட்னா ஹோரா ஊரின் எலும்புத் தேவாலயம். எல்லாவற்றையும் இரண்டு பகலுக்குள் அடைத்தால் எந்த இடத்திலும் நிதானமாக நிற்க முடியாது என்பது தெரிகிறது. போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காக நான் போகவில்லை. பார்ப்பதைப் புரிந்துகொண்டு திரும்ப வேண்டும் என்பதே என் விருப்பம். எதை முதலில் பார்ப்பது, எதைத் துணிந்து விடுவது என்று அந்த ஊரை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன். நான் சைவ உணவுக்காரி என்பதையும், உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவி என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

நடைப்பயணி:

வணக்கம். ஆய்வுப் பணிக்காகப் பிராகில் வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் திட்டத்தை முடிவு செய்யப்போவது இடங்களின் சிறப்பைவிடக் கிழமைகள்தாம். யூதர் குடியிருப்பிலுள்ள அருங்காட்சியகக் கட்டடங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை ஓய்வு நாளை முன்னிட்டு மூடப்பட்டிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித வீடஸ் பேராலயமோ ஞாயிறு காலை வழிபாட்டுக்குரியது. பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஆகவே கோட்டையைச் சனிக்கிழமையும், யூதர் குடியிருப்பை ஞாயிற்றுக்கிழமையும் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். இதை மாற்றிப் போட்டுவிட்டு இரண்டு வாசல்களிலும் ஏமாந்து நிற்கும் வார இறுதிப் பயணிகளை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். யூதப் பண்டிகைகள் சில செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருவதால், நீங்கள் போகும் ஞாயிறு திறந்திருக்கிறதா என்பதை அருங்காட்சியகத்தின் நாட்காட்டியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கியதும் பையை நிலையத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, 22ஆம் எண் டிராமில் ஏறிப் பொகோர்ஷெலெட்ஸ் நிறுத்தம் வரை போய்விடுங்கள். அது கோட்டைக்கும் மேலே உள்ள மேடு. அங்கிருந்து ஸ்த்ராஹோவ் மடத்தின் அருகே நின்று ஊரைப் பார்த்துவிட்டு, கோட்டைக்குள் நுழைந்து, மறுபுறம் நெருடோவா தெரு வழியாகக் கோட்டையடிவாரத்துப் பழைய பகுதியான மாலா ஸ்த்ரானாவுக்கும் சார்லஸ் பாலத்துக்கும் இறங்கலாம். பெரும்பாலோர் பாலத்திலிருந்து மூச்சிரைக்க ஏறிப் போகிறார்கள். நீங்கள் இறங்கி வருகிறீர்கள், கால் மிச்சமாகும். டிராமில் பயணச்சீட்டை மஞ்சள் நிறக் கருவியில் முத்திரை குத்த மறக்க வேண்டாம். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள், வெளிநாட்டுக்காரர் என்று சலுகை காட்ட மாட்டார்கள். அந்த 22ஆம் எண் வண்டியில் ஜேப்படிக்காரர்களும் உண்டு, கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்னா ஹோராவை விட்டுவிடுங்கள். போகவர ஒரு பகலின் பெரும்பகுதி போய்விடும்.

சிக்கனம்:

நடைப்பயணி சொன்ன வரிசையை ஏற்கிறேன், ஆனால் நுழைவுக் கட்டணங்களைப் பற்றி யாராவது பேச வேண்டும். கோட்டையின் முற்றங்களில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை, பாலத்துக்கும் இல்லை, கடிகாரத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம், விஷெஹ்ராட் குன்றின் மதிலும், த்வோர்ஷாக், ஸ்மெத்தானா ஆகிய இசை மேதைகள் அடங்கியிருக்கும் அதன் கல்லறைத் தோட்டமும் இலவசம். பிராகின் அழகில் பெரும்பகுதி தெருவிலேயே இருக்கிறது. உள்ளே போகும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும்போது, உதவித்தொகையில் வாழும் மாணவி வெளியே நடப்பதே அறிவு.

பணம் மாற்றுவதிலும் கவனம் தேவை. செக் குடியரசு யூரோவுக்கு மாறவில்லை, அங்கே கொருனாதான். ஒரு யூரோவுக்குச் சுமார் 25 கொருனா என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். தரகு இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சுற்றுலாப் பகுதிக் கடைகளில் மாற்று விகிதமே மோசமாக இருக்கும். அப்படி மாற்றிவிட்டாலும், 2019இல் வந்த சட்டத்தின்படி 1000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம், அதற்கு ரசீது கையில் இருக்க வேண்டும். ஏடிஎம்மில் எடுக்கும்போது யூரோவில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் மறுத்துவிட்டு, கொருனாவிலேயே எடுங்கள்.

கல்மண்டபம்:

சிக்கனம் அவர்களின் அக்கறை நியாயமானது, ஆனால் ஒரு விஷயத்தில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். புனித வீடஸ் பேராலயத்தை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது, தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தைப் பேருந்து சன்னலில் பார்த்துவிட்டுப் போவதைப் போன்றது. 1344இல் அர்ராஸ் நகரத்து மத்தியாஸ் தொடங்கிய அந்தப் பணி, 1929இல்தான் நிறைவுற்றது. முதல் சிற்பி இறந்தபின் பீட்டர் பார்லெர் என்ற இளைஞரைப் பேரரசர் நான்காம் சார்லஸ் அழைத்து வந்தபோது அவருக்கு வயது சுமார் 23. எல்பே மாணவி, உங்கள் வயதுதான் இருக்கும். அவர் அமைத்த விதானத்தைத் தலை நிமிர்த்திப் பாருங்கள். வளைவு விலாக்கள் நேராகக் கடந்து போகாமல் ஒன்றையொன்று பின்னி வலையாக ஓடுகின்றன. மத்திய ஐரோப்பாவின் பிற்காலக் கோதிக் விதானங்களுக்கெல்லாம் அது முன்னோடி. மேற்கு வாசலில் நுழைந்து இடப்பக்கம் நடந்தால் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் வரும். 1931இல் வைக்கப்பட்ட அந்தச் சன்னலின் நடுவில், சிவப்பாடை அணிந்த சிறுவனாக, பின்னாளில் புனிதரான வென்செஸ்லாசும் அவன் பாட்டி லுட்மிலாவும் இருக்கிறார்கள். ஓரங்களில் நீலமும் பச்சையுமாகத் தொடங்கும் நிறம், நடுவை நெருங்க நெருங்க மஞ்சளும் சிவப்புமாகக் கனிகிறது. இதை வெளியிலிருந்து பார்த்தால் கரிய கண்ணாடி மட்டுமே தெரியும்.

அதே நுழைவுச்சீட்டில் பழைய அரச மாளிகையும் அடங்கும். அங்குள்ள விளாடிஸ்லாவ் மண்டபத்துக்குள் வீரர்கள் குதிரை மேலிருந்தபடியே ஈட்டிப் போர் ஆடியிருக்கிறார்கள். குதிரைகள் ஏறிவருவதற்காகக் கட்டிய தாழ்வான, அகன்ற படிக்கட்டு இன்றும் இருக்கிறது. 1618 மே 23 அன்று அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் வெளியே தூக்கி எறிந்த சன்னலும் அந்த மாளிகையில்தான். மூவரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் அதில் மூண்ட கலகம் முப்பதாண்டுப் போராக வளர்ந்தது. 26 வயது வரை உள்ள மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

எல்பே மாணவி:

அனைவருக்கும் நன்றி. கோட்டைக்குக் கட்டணம் கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வானியல் கடிகாரத்தைப் பற்றி ஓர் ஐயம். பார்த்துவந்த தோழர்கள் எல்லோரும், கூட்டத்தில் நசுங்கி ஒரு மணி அடிப்பதைப் பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அது உண்மையா?

கல்மண்டபம்:

மணி அடிக்கும்போது மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், அருகிலுள்ள மற்ற உருவங்கள் வர மாட்டோம் என்று தலையசைக்கும், இரண்டு சாளரங்களில் திருத்தூதர்கள் வரிசையாகக் கடந்து போவார்கள், சேவல் கூவும். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். என் வேண்டுகோள் என்னவென்றால், மணி அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு போய் அந்த முகப்பை நிதானமாகப் பாருங்கள். 1410இல் கடானைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர், கணிதப் பேராசிரியர் யான் ஷிண்டெலின் துணையோடு செய்த பொறி அது. ஹனுஷ் என்பவர் செய்தார் என்றும், இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று அவர் கண்ணைக் குருடாக்கினார்கள் என்றும் வழிகாட்டிகள் சொல்வது கட்டுக்கதை.

முகப்பின் வெளி வளையத்தில் கறுப்புப் பின்னணியில் பொன்னிறமாக 1 முதல் 24 வரை பழைய எழுத்தில் எண்கள் இருக்கும். அது பழைய பொகீமிய நேரம் (பொகீமியா என்பது பிராக் அமைந்துள்ள மேற்குச் செக் பகுதி). சூரியன் மறையும்போது அங்கே நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்குகிறது, அதனால் பருவத்துக்கு ஏற்ப அந்த வளையம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு உள்ளே ரோமன் எண்களில் வழக்கமான 24 மணி. இன்னும் உள்ளே வளைந்த பொற்கோடுகள் நீலப் பரப்பைப் பன்னிரண்டாகப் பிரிக்கின்றன. உதயம் முதல் மறைவு வரையிலான பகலை, அது நீண்டதானாலும் குறுகியதானாலும், பன்னிரண்டு சம பங்காக்கும் முறை. நம் பஞ்சாங்கத்தில் ஓரை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல, அதே கணக்குதான். ராசி வளையத்தின் மீது பொன் சூரியன் நகர்வதையும், பாதி வெள்ளியாகவும் பாதி கறுப்பாகவும் உள்ள சிறு உருண்டை சுழன்று பிறை காட்டுவதையும் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அவர்கள் சூரியனைச் சம இரவு நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள், நாம் விண்மீன்களை வைத்து. ஆகவே நீங்கள் போகும் அக்டோபர் நடுவில் நம் கணக்கில் சூரியன் இன்னும் கன்னியில் இருக்கும். அந்தக் கடிகாரத்தில் துலாம் ராசியின் பிற்பகுதிக்கு வந்திருக்கும்.

யாழ்மகன்:

தங்கச்சிக்கு வணக்கம். நான் நெடுங்காலமாக ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழன். ஊர்க் காட்சிகளுக்கு முன் ஒரு நடைமுறை விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். செக் குடியரசு 2007 டிசம்பரிலேயே, உள் எல்லைகளில் வழக்கமாகச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளில் சேர்ந்துவிட்டது, ஆகவே ஜெர்மன் வதிவிட அனுமதி உள்ள உங்களுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் 2023 அக்டோபர் முதல் அந்த எல்லையில் ஜெர்மன் பொலிசாரின் சோதனை நடக்கிறது. திரும்பி வரும் தொடருந்தில் எல்லையோர பாட் ஷாண்டாவ் பகுதியில் ஏறி ஆவணங்களைக் கேட்பார்கள். கைப்பேசியில் உள்ள படம் போதாது. கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் இரண்டையுமே மூலப் பிரதியாகக் கையில் வைத்திருங்கள். அட்டை புதுப்பிப்பில் இருக்கிறது என்றால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லை தாண்ட வேண்டாம்.

போகும்போது பயணத் திசைக்கு இடப்பக்கச் சன்னலோரம் அமருங்கள். எல்பே ஆறு அந்தப் பக்கம்தான் வரும்; மணற்கல் பாறைகளும் லிலியன்ஸ்டைன் குன்றும் ஆற்றுக்கு அப்பால் நிற்பது அழகு. பிராக் பிரதான நிலையத்தில் இறங்கியதும் முதலாம் நடைமேடையில் ஒரு வெண்கலச் சிலையைப் பாருங்கள். ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி, இன்னொரு குழந்தையோடு நிற்கும் நிக்கோலஸ் விண்டனின் சிலை அது. 1939இல் இந்த நிலையத்திலிருந்து 669 பிள்ளைகளை, பெரும்பாலும் யூதப் பிள்ளைகளை, பிரித்தானியாவுக்கு அனுப்பிக் காப்பாற்றிய முயற்சியின் நினைவு. செப்டம்பர் முதலாம் திகதி புறப்பட வேண்டிய கடைசித் தொடருந்து, போர் தொடங்கியதால் புறப்படவே இல்லை.

ஞாயிறு காலை யூதர் குடியிருப்பில் வேறு எதைத் தவறவிட்டாலும் பிங்காஸ் தொழுகைக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். பொகீமியா, மொராவியா ஆகிய செக் பகுதிகளைச் சேர்ந்த, நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்களை அதன் சுவர்களில் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். 1950களில் எழுதி முடித்தார்கள். பின்னர் ஈரக்கசிவைக் காரணம் காட்டிக் கூடம் மூடப்பட்டது, பெயர்கள் அழிந்தன. கம்யூனிச ஆட்சி மாறிய பிறகு, 1992 முதல் 1996 வரை, ஒவ்வொரு பெயரையும் மறுபடி எழுதினார்கள். மேல் தளத்தில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசீன் முகாமில் இருந்த சிறுவர்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. இறந்தவர்களின் பெயரை எழுதி வைக்க ஒரு சுவர் கிடைப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பது எங்கள் மக்களுக்குத் தெரியும். நான் அங்கே நீண்ட நேரம் நின்றேன்.

சிக்கனம்:

யாழ்மகன் அண்ணா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் படிப்பின் அழுத்தத்திலிருந்து விடுபட ஒரு வார இறுதி கிடைத்த மாணவியை, நினைவுச் சின்னத்திலிருந்து நினைவுச் சின்னத்துக்கு அனுப்புவது சரியா என்று கேட்கத் தோன்றுகிறது. மகிழ்ச்சிக்காகவும் ஊர் பார்க்கலாம் அல்லவா?

யாழ்மகன்:

நிச்சயமாகப் பார்க்கலாம், தம்பி. ஆற்றங்கரையில் இருக்கட்டும், லெட்னா பூங்காவில் அந்தி சாயும்போது பாலங்களை வரிசையாகப் பார்க்கட்டும், அதையும் நான் விரும்பிச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பூங்காவின் உச்சியில் பெரிய தாளமானி ஆடும் மேடையும்கூட, 1955 முதல் 1962 வரை ஸ்டாலின் சிலை நின்ற மேடைதான். பழைய நகரச் சதுக்கத்தில் நகர மண்டபத்தின் ஓரம் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். கல்மண்டபம் சொன்ன 1618 கலகத்தின் தலைவர்கள் 27 பேரை 1621 ஜூன் 21 அன்று கொன்ற இடம். இந்த ஊரில் அழகையும் துயரத்தையும் ஒரே கல்லில்தான் வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர் எதில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

சுவடி:

அன்பு மகளுக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவனின் வேண்டுகோள். பிராக் தமிழுக்கு அந்நியமான ஊர் இல்லை. தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927இல் பிறந்தது அந்த ஊரில்தான். அங்குள்ள கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபடியே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழும் திராவிட ஒப்பியலும் கற்பித்தார். சங்கப் பாடல்கள் முதல் இருளர் மொழி வரை அவர் தொடாத துறை குறைவு. 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் நுழைந்த பின் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறி, இறுதியில் நெதர்லாந்தில் பேராசிரியரானார், 2009இல் மறைந்தார். அவருக்குப் பின்னும் யாரோஸ்லாவ் வாசெக் அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து வந்தார்.

யூதர் குடியிருப்பிலிருந்து ஆற்றை நோக்கிச் சிறிது தூரம் நடந்தாலே அப்பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் வரும். அந்தச் சதுக்கத்துக்கு யான் பலாக் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே கலைப்புலத்தின் மாணவனான பலாக், படையெடுப்புக்குப் பணிந்துபோன மக்களின் மனத்தை எழுப்புவதற்காக, 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில் தீக்குளித்து, மூன்று நாள் கழித்து இறந்தான். அவனுக்கு வயது 20. சுவெலபில் வெளியேறியதும் அந்த மாணவன் எரிந்ததும் ஒரே படையெடுப்பின் விளைவுகள். தமிழ் படித்தவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிடமாவது நின்றுவிட்டு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நடைப்பயணி:

சுவடி ஐயா சொன்ன இடம் ஞாயிற்றுக்கிழமை வழியிலேயே விழுகிறது. பழைய நகரத்திலிருந்து வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் வழியே மேலேறினால் தேசிய அருங்காட்சியகத்தின் முன் பலாக் விழுந்த இடத்தில், கல்தளம் புடைத்தெழ அதனடியிலிருந்து ஒரு வெண்கலச் சிலுவை வெளிப்படுவது போல் நினைவுச் சின்னம் இருக்கும். அங்கிருந்து ரயில் நிலையம் பத்து நிமிட நடை.

உணவு பற்றி: பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும், உருளைக்கிழங்கு அடை கேட்டால் பன்றிக் கொழுப்பில் சுட்டதா என்று விசாரியுங்கள், பூண்டு சூப் இறைச்சி வடிசாற்றில் செய்ததாக இருக்கலாம். இந்திய, வியட்நாமியச் சைவ உணவகங்கள் நிறைய உண்டு. தெருவெங்கும் பழைய பொகீமியப் பண்டம் என்று விற்கும் ட்ர்டெல்னீக் என்ற இனிப்பு மாவுச்சுருள், உண்மையில் ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊருக்குப் பேர் போனது. சூடாகச் சாப்பிட நன்றாக இருக்கும், அவ்வளவே.

எல்பே மாணவி:

போய்வந்துவிட்டேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நடைப்பயணி சொன்ன கிழமைக் கணக்கு பயணத்தையே காப்பாற்றியது. மேட்டிலிருந்து இறங்கியதால் கோட்டையில் நேரம் போனது தெரியாமல் நிற்க முடிந்தது. முகாவின் சன்னலை நான் பார்த்தபோது வெளியே மேகம் விலகியது. எதிர்த் தூணின் அடியில் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் விழுந்தது, அந்தத் தூணருகே நின்றிருந்த ஒரு பாட்டியின் வெள்ளைக் கம்பளித் தொப்பி சிறிது நேரம் ஆரஞ்சாகவே இருந்தது. ஞாயிறு காலை ஏழரை மணிக்குச் சார்லஸ் பாலத்தில் புகைப்படக்காரர்கள் சிலரைத் தவிர எவரும் இல்லை. 1683இல் வைத்த யான் நெபோமுக் சிலையின் அடியில் இரண்டு வெண்கலத் தகடுகள். அவரை ஆற்றில் எறியும் காட்சி ஒன்றில், நாயோடு நிற்கும் வீரன் மற்றொன்றில். தகடுகள் முழுவதும் கறுத்துக் கிடக்க, கைகள் தொட்ட இடங்கள் மட்டும் பொன்னாய் மினுங்குகின்றன. 1393இல் அரசன் ஆணைப்படி மூழ்கடிக்கப்பட்ட பாதிரியாரின் உடலைத் தொடுகிறார்கள் என்றால் புரிகிறது. அந்த நாயையும் அதே அளவு தொட்டிருக்கிறார்கள்.

சிக்கனம் அவர்களுக்கு: விஷெஹ்ராடையும் படகையும் விட்டேன், பிங்காஸ் தொழுகைக்கூடத்தை விடவில்லை. அது என் வார இறுதியின் மகிழ்ச்சியைக் குறைக்கவில்லை. சிறுவர் ஓவியங்களின் கீழே பெயரும் பிறந்த ஆண்டும் எழுதியிருக்கிறது, பலவற்றில் 1944 என்று இறந்த ஆண்டும். அதன்பின் பழைய நகரத்தில் நடந்தபோது அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களையும் சேர்த்தே நினைத்துக்கொண்டு நடந்தேன். சுவடி ஐயா, கலைப்புலம் ஞாயிறன்று பூட்டியிருந்தது. ஆனால் வெளிச்சுவரின் மூலையில் பலாக்கின் இறந்த முகத்தை அச்செடுத்து வார்த்த வெண்கலப் பலகை இருக்கிறது. அதன் கீழே யாரோ மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார்கள் என்பதை நீங்கள் சொல்லாமல் இருந்தால் அறிந்திருக்கவே மாட்டேன்.

திரும்பும்போது ஆவணச் சோதனை நடந்தது. கடவுச்சீட்டையும் அட்டையையும் பார்த்துவிட்டு உடனே கொடுத்துவிட்டார்கள்.

புதிய உறுப்பினர்:

இந்த இழை மிகவும் பயன்பட்டது. நான் இதே திட்டத்தை டிசம்பரில் செய்யலாமா?

நடைப்பயணி:

செய்யலாம், ஆனால் வரிசையில் சிறு மாற்றம் வேண்டும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கோட்டைக் கட்டடங்களும் குளிர்காலத்தில் நான்கு மணிக்கு மூடப்படும். ஆகவே ஸ்த்ராஹோவில் அதிகம் நிற்காமல் நேரே பேராலயத்துக்குள் போய்விடுங்கள், முகாவின் சன்னலுக்கு நண்பகல் வெளிச்சம் கிடைக்கும். கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்தால் பழைய நகரச் சதுக்கத்தில் நிற்க இடம் இருக்காது. கடிகாரத்தைக் காலை ஒன்பது மணிக்குப் பார்த்துவிடுவது நல்லது, திருத்தூதர்கள் அன்றைய முதல் வலம் வருவது அப்போதுதான்.